தங்க வயலில் எஞ்சி நிற்பவை

பெங்களூர் நகரில், கப்பன் பூங்காவுக்கு அணித்தாக, லாவெல் சாலை என்றொரு சாலை உண்டு. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதன் வழியே செல்கின்றனர். அப்பெயருக்கு உரியவர் யார் என்று எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்ட் லாவெல் என்பவர் அயர்லாந்து நாட்டினர். நியூஸீலந்துப் போரில் பணியாற்றிவிட்டு, ஓய்வுக்காலத்தைப் பெங்களூர் கன்டோன்மென்டில் கழிக்க வந்த படைவீரர். பழைய சஞ்சிகை ஒன்றில் வந்திருந்த ஒரு கட்டுரை அவருடைய ஓய்வைக் குலைத்தது. மைசூர் நாட்டின் கிழக்கெல்லையில், கோலார்ப் பகுதியில், பூமிக்கடியில் தங்கம் இருக்கிறது என்று அக்கட்டுரை கூறியது. அவர் 1873-இல் மைசூர் அரசாங்கத்துக்கு விண்ணப்பம் செய்தார். 1875-இல் இருபதாண்டுக் குத்தகை பெற்றார். அந்தக் குத்தகையிலிருந்து வளர்ந்த ஊர்தான் கோலார்த் தங்கவயல்.

இவ்வூர் பெங்களூருக்குக் கிழக்கே சுமார் அறுபது மைல் தொலைவில் உள்ளது. ஆந்திர எல்லையும் தமிழ்நாட்டு எல்லையும் அங்கிருந்து அதிக தூரமில்லை. சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டுவிட்டது. அங்கே இன்று எஞ்சி நிற்பவை யாவை, அவற்றை நாம் எவ்வாறு மதிக்கவேண்டும் என்பதைப் பற்றிச் சிறிது காண்போம். வெளி மாநிலங்களில் வாழும் தமிழருக்கு இச்செய்தி தனி உரிமை உடையது. ஏனெனில், பிழைப்பு நாடிப் பிற மொழி வழங்கும் நிலத்துக்குச் சென்ற தமிழர் உருவாக்கிய பெரிய தொழிலூர்களுள் தங்கவயலும் ஒன்று.

முதலில் மண்ணின் கதையை அறிந்துகொள்வோம். கோலார்ப் பகுதியில், வடக்கு தெற்காக ஏறத்தாழ ஐம்பது மைல் நீளமும் சில மைல் அகலமும் கொண்ட கரும்பச்சைப் பாறைப் பட்டை ஒன்று கிடக்கிறது. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு குளிர்ந்து உருவான பாறை அது. அதன் வெடிப்புகளில், பூமியின் ஆழத்திலிருந்து எழுந்த சூடான நீர் வெண்ணிறப் படிகக்கல்லையும், அதனுடன் நுண்ணிய தங்கத்தையும் படியவைத்தது. சாம்பியன் நரம்பு என்று சுரங்க நிபுணர் அழைக்கும் படிகக்கல் சுவர் இவற்றுள் தலையாயது. சில அடி கனமே உடைய அந்தச் சுவர், மேற்கு நோக்கிச் சாய்ந்து, கீழே போகப் போகச் செங்குத்தாகி, ஏறத்தாழ இரண்டு மைல் ஆழம் வரை இறங்குகிறது.

இந்நரம்பை ஐரோப்பியர் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. 1802-இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், இங்கே தங்கம் கிடைப்பதாகக் கேள்வியுற்று, தங்கம் எடுத்துக் காட்டுவோருக்குப் பரிசளிப்பதாக அறிவித்தார். ஊர்கம், மாரிக்குப்பம் ஆகிய ஊர்களின் மக்கள் மண்ணை நீரில் அரித்துப் பொன்துகளை எடுத்துக் காட்டினர். ஆடவர் முப்பது நாற்பது அடி ஆழக் குழிகளில் இறங்கிக் கல்லை உடைத்துக் கூடைகளில் கைமாற்றி மேலே அனுப்பியதையும், பெண்டிர் அதை இடித்து நீரில் அலசியதையும் அவர் குறித்துவைத்தார். பின்னாளில் கம்பெனிகள் தோண்டியபோது, அதனினும் ஆழமான பழங்குழிகள் பல வெளிப்பட்டன. ராய்ச்சூர்ப் பகுதியிலுள்ள ஹட்டியில் அறுநூறு அடிக்கு மேல் ஆழமுள்ள பழைய சுரங்கங்கள் காணப்பட்டுள்ளன. சித்திரதுர்க்கத்தை அடுத்த இங்கள்தாளில் செம்புக்காகத் தோண்டிய பழங்குழிகள் உண்டு. இரும்பு உளியும் நெருப்பும் கொண்டு பாறையைப் பிளந்த அம்மக்களின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அவர்கள் தோண்டிய குழிகளே அவர்கள் விட்டுச்சென்ற ஆவணம்.

லாவெலிடம் போதிய மூலதனம் இல்லை. அவருடைய உரிமை பிறர் கைக்கு மாறி, லண்டனில் கம்பெனிகள் தோன்றின. 1880-இல் ஜான் டெய்லர் அண்டு ஸன்ஸ் என்ற நிறுவனம் நிர்வாகப் பொறுப்பை ஏற்றது. தொடக்கத்தில் பணம் கரைந்ததே தவிரப் பொன் வரவில்லை. கேப்டன் பிளம்மர் என்ற சுரங்க அதிகாரி, பழங்காலத்தவர் தோண்டி நிறுத்திய குழிகளுக்குக் கீழே தேடி, 1883-ஆம் ஆண்டளவில் சாம்பியன் நரம்பைக் கண்டார். முன்னோர் விட்ட இடத்திலிருந்தே புதியோரின் செல்வம் தொடங்கியது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அதன்பின் மைசூர் மைன், சாம்பியன் ரீஃப், ஊர்கம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வளர்ந்தன.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பிளம்மர் கப்பலோட்டியும் அல்லர், படைத்தலைவரும் அல்லர். அவருக்குக் கேப்டன் என்ற பட்டம் எவ்வாறு வந்தது? இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் கார்ன்வால் என்ற மாவட்டம் உள்ளது. அங்கே சுரங்கத்தை மேற்பார்க்கும் மூத்தவரைக் கேப்டன் என்று அழைப்பது மரபு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு கார்ன்வாலிலிருந்தும் அதை அடுத்த டெவன் பகுதியிலிருந்துமே வந்தது. டெய்லர் நிறுவனத்தைத் தோற்றுவித்த ஜான் டெய்லர் அச்செம்புச் சுரங்கங்களை நடத்திப் பெயர் பெற்றவர். 1860-களில் செம்பின் விலை வீழ்ந்தது, சுரங்கங்கள் மூடின, வேலை இழந்த கார்ன்வால் தொழிலாளர் அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் சிதறினர். அவர்களில் ஒரு பகுதியினர் கோலாருக்கு வந்தனர்.

அதே காலத்தில் நம் நாட்டிலும் மக்கள் நிலைகுலைந்து கிடந்தனர். 1876 முதல் 1878 வரை சென்னை, மைசூர் நிலப்பகுதிகளை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தை நம் பாட்டன்மார் தலைமுறை மறக்கவே இல்லை. அப்பஞ்சத்தில் நொந்த வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து, பெரும்பாலும் நிலமற்ற ஆதி திராவிடக் குடிகள், சுரங்க வேலைக்கு வந்தனர். பெங்களூர் வரை ரயில் பாதை 1864-லேயே வந்துவிட்டிருந்தது. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, மாரிக்குப்பம் வரை கிளைப்பாதை 1894-இல் திறக்கப்பட்டது. ஆங்கிலப் பெயரில் உள்ள 'ஃபீல்ட்' என்னும் சொல் தாதுப்பொருள் கிடைக்கும் பரப்பைக் குறிப்பது. தமிழர் அதை 'வயல்' என்றனர். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட என்போன்றோர் சொல்லுக்குச் சொல் பெயர்த்த பிழை என்று அதை ஒதுக்கிவிடக்கூடும். ஆனால், பிறர் வயலில் கூலியாக உழைத்து, மழை பொய்த்து, அந்த வேலையையும் இழந்து வந்தவர்களுக்குத் தாம் இறங்கி உழைக்கும் நிலம் வயலாகவே தோன்றியிருக்கும். அச்சொல்லை மாற்ற எனக்கு மனம் வரவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுரங்கங்களில் பல்லாயிரம் பேர் வேலை செய்தனர். மேல்நிலையில் ஆங்கிலேயர், இடைநிலையில் ஆங்கிலோ இந்தியர், அடிநிலையில் பெரும்பாலும் தமிழர் என்று பதவிகள் அடுக்கப்பட்டிருந்தன. குடியிருப்பும் அவ்வாறே. அதிகாரிகளுக்கு ஓடு வேய்ந்த பங்களாக்கள், மலர்த் தோட்டங்கள், நடன மண்டபத்துடன் கூடிய கிளப் ஆகியவை இருந்தன. 'சின்ன இங்கிலாந்து' என்ற பெயர் இதனால் வந்தது. தொழிலாளருக்கோ 'லைன்' எனப்படும் வரிசை வீடுகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு சிறு அறை.

பாறையைத் துளையிட்டு வெடிவைத்துத் தகர்க்கவேண்டும். உடைந்த கல்லைத் தள்ளுவண்டியில் ஏற்றி ஷாப்ட் எனப்படும் செங்குத்துக் கிணற்றுக்குக் கொண்டுவரவேண்டும். ஸ்கிப் என்னும் இரும்புத் தொட்டியில் அது மேலேறும். தொழிலாளர் கேஜ் என்னும் இரும்புக் கூண்டில் இறங்குவர். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பத்தாயிரம் அடிக்கு மேல் ஆழம் சென்று, உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாயிற்று. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும். மேலிருந்து குளிரூட்டிய காற்றை அனுப்பியே வேலை நடந்தது. தோண்டித் தோண்டி வெற்றிடம் பெருகியபோது, மேலுள்ள பாறையின் பாரத்தால் சுவர்கள் திடீரென வெடித்துச் சிதறுவதுண்டு. பாறை வெடிப்பு என்று இதற்குப் பெயர். மேலே ஊரில் உள்ள வீடுகளும் அதிரும். அதிர்ச்சி கேட்ட பெண்கள் ஷாப்டின் வாயிலுக்கு ஓடுவார்கள். இவ்விபத்துகளை ஆராய்ந்த அனுபவத்தின் விளைவாகவே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலில் நிறுவப்பட்டது.

விபத்தைக் காட்டிலும் கொடியது தூசி. துளையிடும்போது எழும் நுண்ணிய கற்பொடி நுரையீரலில் படிந்து அதனை இறுகச் செய்யும். சிலிக்கோஸிஸ் என்ற அந்நோய்க்கு மருந்தில்லை. 1940-களில் நடந்த மருத்துவ ஆய்வில், சோதிக்கப்பட்ட ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளருள் பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் இருப்பது தெரியவந்தது. தங்கத்தின் விலையைக் கணக்கிடுவோர் இந்தக் கணக்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

தொழிலாளர் தலைகுனிந்தே வாழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. தங்கம் களவு போகாதிருக்கத் தனிச் சட்டங்களும் உடற்சோதனையும் இருந்தன. 1930-இல் ஒவ்வொரு தொழிலாளியின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, 'நாங்கள் குற்றவாளிகளா?' என்று கேட்டுப் பல்லாயிரம் பேர் ஏறத்தாழ மூன்று வாரம் வேலை நிறுத்தம் செய்தனர். அறிவுத் துறையிலும் அவர்கள் பின்தங்கவில்லை. பண்டித அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய தமிழன் பத்திரிகைக்கும், அவர் வளர்த்த பௌத்த இயக்கத்துக்கும் தங்கவயல் வலிமையான துணையாயிற்று. மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கக் கிளைகள் இயங்கின. அவர் மறைந்தபின், 1926 முதல் பண்டித ஜி. அப்பாதுரையார் அப்பத்திரிகையைத் தங்கவயலிலிருந்து நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்த புத்தகசாலையும் அங்கேயே இருந்தது. பகலில் பூமிக்கடியில் இருந்தவர்கள் மாலையில் புத்தகம் படித்தார்கள், சொற்பொழிவு கேட்டார்கள், தம் வரலாற்றைத் தாமே ஆராய்ந்தார்கள்.

சுரங்கத்துக்காகச் செய்யப்பட்ட சில ஏற்பாடுகள் நாட்டுக்கே முன்னோடியாயின. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்சாரம் உற்பத்தி செய்து, 92 மைல் தொலைவுக்குக் கம்பி இழுத்து, 1902 ஜூன் மாத இறுதியில் தங்கவயலுக்கு அளித்தார்கள். திவான் சேஷாத்திரி ஐயர் காலத்தில் உருவான திட்டம் அது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததோ 1905-இல்தான். குடிநீருக்குப் பேத்தமங்கலத்தில் பாலாற்றுநீரைத் தேக்கிச் சுத்திகரித்தனர். வட ஆர்க்காட்டுக் குடிகள் தம் ஊரில் மணலாகக் கண்ட அதே பாலாறு அவர்களுக்கு முன்னதாக இங்கே வந்து காத்திருந்தது எனலாம்.

பௌதிக விஞ்ஞானத்துக்கும் இச்சுரங்கம் உதவியது. நியூட்ரினோ என்னும் நுண்துகள் பூமியையே ஊடுருவிச் செல்லவல்லது. ஆனால் விண்ணிலிருந்து பொழியும் பிற துகள்களின் ஆரவாரத்தில் அதன் தடயத்தைக் காண இயலாது. பூமிக்கடியில் பாறையே திரையாக நின்று மற்றவற்றை வடிகட்டும். பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில விஞ்ஞானிகளும் ஏறத்தாழ 7,600 அடி ஆழத்தில் கருவிகளை அமைத்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயத்தை 1965-இல் கண்டனர். அவ்வாண்டே தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது காணப்பட்டது. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ உலகில் முதன்முதல் பிடிபட்ட இரு இடங்களுள் ஒன்று தங்கவயல்.

இத்துணைச் சிறப்பும் தாதுவின் தரம் குறைந்தபோது நிலைக்கவில்லை. ஆரம்பத்தில் ஒரு டன் கல்லில் ஓர் அவுன்ஸுக்கு மேல் கிடைத்த தங்கம், முடிவில் சில கிராமாகச் சுருங்கியது. ஆழம் கூடக் கூடச் செலவோ பெருகியது. 1956-இல் மைசூர் அரசாங்கம் சுரங்கங்களைத் தேசியமயமாக்கியது. 1962-இல் மத்திய அரசாங்கம் ஏற்றது. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் என்ற பொதுத்துறை நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28-ஆம் நாளோடு உற்பத்தி முடிவுற்றது. 120 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட பொன் 800 டன்னுக்கு மேல். மூடும்போது வேலையிலிருந்தோர் ஏறத்தாழ 3,500 பேர். நீர் இறைக்கும் பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் நீர் நிரம்பியது. ஊர் மக்களுள் ஆயிரக்கணக்கானோர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து வேலை செய்து இரவில் திரும்புகின்றனர். தாத்தா கீழே இறங்கினார். பேரன் மேற்கே பிரயாணம் செய்கிறான்.

இனி எஞ்சியிருப்பவற்றைக் காண்போம். ஷாப்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்கள், கம்பிவடம் சுற்றிய யந்திரக் கூடங்கள், பங்களாக்கள், லைன் வீடுகள், கோயில்கள், தேவாலயங்கள், பௌத்த விகாரங்கள் ஆகியவை ஒருபுறம். மறுபுறம் குன்றுகள். கல்லைப் பொடியாக்கி, சயனைடு கலந்த நீரில் பொன்னைக் கரைத்துப் பிரித்தபின் எஞ்சிய சேறு பதின்மூன்று குன்றுகளாகக் குவிந்து, ஏறத்தாழ ஆயிரம் ஏக்கரில் பரவியுள்ளது. அதன் எடை மூன்று கோடி டன்னுக்கு மேல். ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்பர். கோடையில் அவற்றின் புழுதி வீடுகளுக்குள் புகுகிறது. அப்பொடியில் இன்னும் சிறிதளவு தங்கம் உண்டு. அதை எடுக்கும் மத்திய அரசாங்கத் திட்டத்துக்குக் கர்நாடக அரசாங்கம் 2024-இல் இசைவளித்தது. குன்றுகள் அகன்றால் புழுதி குறையலாம், வேலையும் கிடைக்கலாம். வேலை யாருக்கு, தூசிக்குக் காப்பு என்ன என்னும் வினாக்களுக்கு ஊர் மக்கள் தெளிவான விடை கேட்பது முற்றிலும் நியாயம். முன்பு அவ்விடை கிடைக்காததன் பயனை அவர்களுடைய நுரையீரல்கள் அறியும்.

கார்ன்வால் இவ்விஷயத்தில் நமக்கு ஓர் எடுத்துக்காட்டு. அங்கே கைவிடப்பட்ட செம்பு, வெள்ளீயச் சுரங்கங்களின் யந்திரக் கூடங்கள் கடற்கரைப் பாறைகளில் கூரையின்றி நின்றன. பல தலைமுறைகளாக அவற்றை இடிபாடு என்றே கருதினர். பின்னர் உள்ளூர்ச் சங்கங்கள் அவற்றைப் பழுதுபார்த்தன, முதிய தொழிலாளரின் வாய்மொழியைப் பதிவு செய்தன, காட்சிச்சாலைகள் அமைத்தன. 2006-இல் யுனெஸ்கோ அச்சுரங்க நிலப்பரப்பை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. அந்த மரபிலிருந்து வந்த யந்திரக் கலைதான் தங்கவயலிலும் நிற்கிறது. அங்கே போற்றப்படுவது இங்கே பழைய இரும்பு விலைக்குப் போவது முறையாகாது.

ஆனால் கோபுரத்தையும் பங்களாவையும் மட்டும் காத்தால் போதாது. பங்களாவைப் பார்ப்பவர் அதிகாரியின் வாழ்வை அறிவார். லைன் வீட்டைப் பார்த்தால்தான் தொழிலாளியின் வாழ்வை அறிவார். ஒரு லைன் வரிசையாயினும் பழைய நிலையில் காக்கப்பட வேண்டும். விபத்திலும் தூசியிலும் மாண்டோரின் பெயர்ப்பட்டியல் ஓரிடத்தில் பொறிக்கப்பட வேண்டும். பத்திரிகைகளும் நூல்களும் சங்கக் குறிப்புகளும் ஒரு நூலகத்தில் சேரவேண்டும். 2018-இல் வந்த கன்னடத் திரைப்படமும் 2024-இல் வந்த தமிழ்த் திரைப்படமும் தங்கவயலின் பெயரை நாடெங்கும் பரப்பின. கற்பனைக் கதை கேட்டு ஆர்வம் கொண்டவர்களுக்கு மெய்யான கதையைச் சொல்ல இதுவே ஏற்ற தருணம்.

இதில் அரசாங்கம் செய்யவேண்டியது ஒரு பகுதி. குடும்பங்கள் செய்யக்கூடியது மற்றொரு பகுதி. தங்கவயலில் பிறந்து பெங்களூரிலும் பம்பாயிலும் டில்லியிலும் வாழ்வோர் பலர். அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் பாட்டனாரின் வேலைச் சீட்டு, சம்பளப் புத்தகம், சங்க ரசீது, மங்கிய புகைப்படம் ஆகியவை இருக்கக்கூடும். அவற்றை எடுத்து, யாருடையவை, எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு என்று பின்புறத்தில் எழுதிவையுங்கள். சுரங்கத்தில் இறங்கிய முதியவர் வீட்டில் இருந்தால், அவர் பேசுவதைக் கைபேசியிலேனும் பதிவு செய்துகொள்ளுங்கள். எந்த ஷாப்டில் இறங்கினார், கூண்டு இறங்கும்போது காது எவ்வாறு அடைத்தது, எந்தச் சொற்களால் கருவிகளை அழைத்தார்கள், பாறை வெடித்த அன்று யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். 2001-இல் இளைஞராக இருந்தவர்களும் இன்று முதுமையை எட்டிவிட்டனர். இரும்புக் கோபுரம் இன்னும் சில ஆண்டு நிற்கும். அவர்களைக் கேட்கும் வாய்ப்பு அத்தனை காலம் காத்திராது.